தலைக்கயிறு

"வலது கையை வெளியே எடுக்காதீங்க" என்றாள் ஜிபார், வண்டியை விட்டு இறங்கும்போதே. "நமக்கு எவ்வளவு அவசரம்னு தெரிஞ்சா விலையை ஏத்திடுவாரு."

ஷைலோபெக் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான். அதன் மூன்று விரல்கள் ஒரு வருடமாக அவன் சொன்னதைக் கேட்பதில்லை. கம்பளிக் கூடாரங்களின் மரக்கதவுகளில் ஆட்டுக்கொம்பு வளைவுகளைச் செதுக்கிப் பெயர் வாங்கிய கை அது. கோடைக்குள் பன்னிரண்டு கதவு தருவதாக ஒப்புக்கொண்டாயிற்று. இனிமேல் செதுக்க, கணினிக் கணக்குப்படி மரத்தைத் தானே வெட்டும் ஒரு சி.என்.சி. இயந்திரம் இருந்தால்தான் உண்டு. புதியதற்கு வசதியில்லை. அதனால்தான் விடியும் முன்பே காராகோலில் கிளம்பி, டோக்மோக்கில் சூயுன்பாயின் பழைய இயந்திரத்தைப் பார்க்க வந்திருந்தார்கள்.

சூயுன்பாய் கொட்டகையில் ஒரு பலகையை இயந்திரத்தின் மேசையில் இறுக்கி, அதன் ரிமோட்டை இடது கையில் பிடித்து, வலது கை விரல்களால் பொத்தான்களைத் தட்டினார். சுழல் கத்தி இறங்கியது. மயிரிழை கூடப் பிசிறாமல் ஒரு கொம்பு வளைவு வந்தது.

"நீங்க ஒருதடவை ஓட்டிப் பாருங்க தம்பி."

"வேண்டாம்ணே. பார்த்தாலே தெரியுது."

குதிரை வாங்க வந்தவன் ஏறிப் பார்க்க மாட்டேன் என்றால் எப்படி இருக்கும்? சூயுன்பாய் ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனாலும் விலை படிந்தது, பணம் கைமாறியது. ஜிபாருக்கு மூச்சு வந்தது.

தேநீருக்கும் ஆட்டுக்கறிக்கும் வீட்டுக்குள் உட்கார்ந்தார்கள். சூயுன்பாயின் மனைவி பூருல் கிண்ணத்தை நீட்டினாள். ஷைலோபெக் இடது கையை நீட்டி வாங்கினான். அதைவிட வீட்டுக்காரரை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

பூருல் கவனிக்காதது போல இருந்துவிட்டாள். சூயுன்பாய் கவனித்தார். தன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"நீங்க சாப்பிடுங்க. மெஷினைத் துடைச்சு வச்சிட்டு வரேன்."

"நாங்களும் வரோம்ணே" என்று ஜிபார் எழுந்தாள்.

"உட்காரும்மா. விருந்தாளி பாதிச் சாப்பாட்டுல எழுந்திருக்கக் கூடாது."

கொட்டகைக் கதவு உள்பக்கம் தாழிடப்படும் சத்தம் கேட்டது. சற்றுப் பொறுத்து, துளைபோடும் சத்தம்.

"துடைக்கிறதுக்கு எதுக்குங்க ட்ரில்லு?" ஜிபார் கணவன் காதில் கிசுகிசுத்தாள். "நல்ல சாமானைக் கழட்டிட்டு ஓட்டை உடைசலை மாட்டுறாரு."

"சும்மா இரு."

"இடது கையை நீட்டினீங்கல்ல? அந்தக் கோவம்."

அவள் எழ முயன்றபோதெல்லாம் பூருல் தட்டில் இன்னும் இரண்டு கறித்துண்டு வைத்தாள். உலகத்தில் யாரும் ஆட்டுக்கறியை இவ்வளவு எரிச்சலோடு இரண்டு மணி நேரம் தின்றிருக்க முடியாது.

அவர்கள் வெளியே வந்தபோது இயந்திரம் கம்பளியில் சுற்றி, கயிறு போட்டு, வண்டியில் ஏறியிருந்தது. ஏற்றிவிட்ட பக்கத்து வீட்டு ஆட்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ரிமோட் எங்கேண்ணே?" என்றாள் ஜிபார்.

"அது என்கிட்ட இருக்கும்" என்றார் சூயுன்பாய். "குதிரையை வித்தா தலைக்கயிறு வித்தவனுக்கு. இல்லேன்னா வீட்டு அதிர்ஷ்டமும் கூடவே போயிடும்."

"அது குதிரைக்கு!"

"வழக்கம்னா எல்லாத்துக்கும்தானே."

"ரிமோட் இல்லாம எப்படி ஓட்டுறது? நாளைக்கு மாட்டை வித்தா மடியை அறுத்து வச்சுக்குவீங்களா?"

"ஜிபார்!" என்றான் ஷைலோபெக். விலையோடு வாதாடலாம், வழக்கத்தோடு எப்படி வாதாடுவது?

சூயுன்பாய் ரிமோட்டை மேல்கோட்டுப் பைக்குள் செருகிக்கொண்டார். "ஊருக்குப் போய்ப் பிரிங்க. வழியில பிரிச்சா தூசி படும்."

வண்டி நகரும்போது வீட்டுக்குள்ளிருந்து பூருலின் குரல் கேட்டது. "என் தையல் மெஷின் மிதியை யாருய்யா எடுத்தது?"

அந்த வீட்டில் எந்தச் சாமானும் முழுசாக இருக்காது போல என்று ஜிபார் நினைத்துக்கொண்டாள். வழிநெடுக நீண்டு கிடந்த ஏரியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அவரைத் திருடன் என்றாள். ரிமோட் இல்லாத இயந்திரத்தையும் பன்னிரண்டு கதவுகளையும் மாறி மாறி நினைத்தபடி, ஷைலோபெக் ஒரே கையால் ஓட்டிக்கொண்டிருந்தான்.

காராகோல் வந்து சேர்ந்து, ஆள் வைத்து இயந்திரத்தைப் பட்டறையில் இறக்கினார்கள். ஷைலோபெக் கயிற்றை அறுப்பதற்குள் ஜிபார் போனை எடுத்துவிட்டாள்.

"அண்ணே, வந்து சேர்ந்துட்டோம். நீங்க செஞ்சது இருக்கே..."

"ஜிபார், இங்க பாரு" என்றான் ஷைலோபெக்.

மேசையின் இடது ஓரத்தில் ஒவ்வொன்றும் கட்டைவிரல் அகலத்தில் ஐந்து பொத்தான்கள் வரிசையாக, புதிதாகத் திருகப்பட்டிருந்தன. துளைகளில் மரத்தூள் இன்னும் ஒட்டியிருந்தது. கீழே, கால் படும் இடத்தில் ஒரு கறுப்பு மிதி.

ஷைலோபெக் மின்சாரம் கொடுத்து, இடது கட்டைவிரலால் ஒரு பொத்தானை அழுத்தினான். கத்தி சுழன்றது. அடுத்ததை அழுத்தினான். கத்தி மெல்ல இறங்கியது. மிதித்தான். நின்றது. வலது கை கோட்டுப் பையைவிட்டு வெளியே வரவே இல்லை. இரண்டு கை வேண்டியிருந்த ஒரே சாமான் டோக்மோக்கில் ஒருவர் பைக்குள் இருந்தது.

அவன் மறுபடி அழுத்தினான், மறுபடி மிதித்தான். கண்ணைத் துடைக்க மட்டும் இடது கையை எடுத்தான்.

"என்ன தங்கச்சி, பேச்சையே காணோம்?" என்றார் போனில் சூயுன்பாய். "நான் என்ன செஞ்சேன்?"

அவருக்குப் பின்னால் பூருல் இன்னும் கத்திக்கொண்டிருந்தாள். "மிதிக்கு என்ன கால் முளைச்சு நடந்தா போயிருக்கும்?"

ஜிபார் குனிந்து அந்தக் கறுப்பு மிதியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அக்காகிட்ட சொல்லிடுங்கண்ணே, மிதியைத் திருடினது நான்தான்னு."