கட்டாயம்

துறைமுகத்து மின்பலகையில் புயல் எச்சரிக்கை வரவேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள் ஓடிக்கொண்டிருந்தன. பலகைக்கு மென்பொருள் எழுதிய பிரிஸ்கில்லாவை மீனவர் சங்கத்து லொஞ்சினுஸ் கைபேசியில் அழைத்தார்.

"என்ன தாயி, போர்டுல கட்டம் கட்டமா ஓடுது? போட்டெல்லாம் கெளம்புது."

"போகவிடாதீங்கண்ணே, புயல் வருது!"

"நான் சொன்னா எவன் கேக்கான்? போர்டுல வந்தாத்தான் நம்புவானுவ."

"லைன்லயே இருங்க."

காரணம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. மென்பொருளை அடைத்துவைத்திருந்த லினக்ஸ் கன்டெய்னரை மேலாளர் சுதர்சன் காலையில்தான் இளைக்க வைத்திருந்தார். எவை இல்லாவிட்டால் மென்பொருள் ஓடவே ஓடாதோ அந்தத் தொகுப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, 'இருந்தால் நல்லது' என்ற வகையை முழுதாகக் கழித்துவிட்டார். தமிழ் எழுத்துரு அதோடு போயிருந்தது; எழுத்துகள் கட்டங்களாகத் தெரிவது அதனால்தான்.

"ஃபாண்ட் இல்லாமலும் புரோகிராம் ஓடுதேம்மா?" என்றார் பக்கத்து மேசையிலிருந்த சுதர்சன்.

"ஓடுது சார். படிக்கத்தான் முடியல." பலகையில் ஓடுவதை அப்படியே காட்டிய தன் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தவர், "போடு. கட்டாயத்துலயே போடு" என்றார்.

எழுத்துருவின் பெயரைக் கட்டாயத் தொகுப்புகளுக்கு நடுவே எழுதி, கன்டெய்னரை மறுபடி கட்டிப் பலகைக்கு அனுப்பினாள். கைபேசியில் எஞ்சின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு லொஞ்சினுஸ் எழுத்துக்கூட்டத் தொடங்கினார். "கட...லுக்கு..." அவர் முடிப்பதற்குள் கரையே சேர்ந்து கத்தியது: "போக வேண்டாம்!"

ஒவ்வொன்றாக எஞ்சின்கள் அடங்கின. பிரிஸ்கில்லா தன்னையறியாமல் எழுந்து நின்றிருந்தாள்.