சுவரை ஒட்டிய கட்டில்

படுக்கையறைச் சுவரில் ஈரம் இறங்குகிறது என்று வீட்டுக்காரர் கூப்பிட்டதுமே ஃபிட்டர் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். சுவருக்குள் நிற்கும் மெல்லிய இரும்புச் சட்டங்களை அறுத்துப் பொருத்தியவன் அவன்தான். அறுத்த முனையில் துருவைத் தடுக்கும் ஜிங்க் பூச்சு போய்விடும். அங்கே ஜிங்க் பெயின்ட் அடித்தாக வேண்டும். உள்ளே இருப்பதை எவன் பார்க்கப் போகிறான் என்று அடிக்காமலே சுவர்ப் பலகையை மூடியிருந்தான். துருப்பிடித்திருந்தால் மொத்த வீட்டையும் பிரித்து அவனே கட்டித் தர வேண்டும்.

வீட்டுக்காரரின் மனைவி சுவரை ஒட்டிய கட்டிலில் படுத்திருந்தாள். குடிவந்த நாளிலிருந்தே இளைத்துக்கொண்டு வருகிறாளாம். எந்த டாக்டருக்கும் பிடிபடவில்லையாம்.

கட்டிலைக் கொஞ்சம் நகர்த்திவிட்டுப் பலகையைக் கழற்றினான். உள்ளே மழைத்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அறுத்த முனைகளோ கடையிலிருந்து இப்போதுதான் வந்தவை போலப் பளபளத்தன.

"துருவே இல்லையே! கெட்டிக்காரன்யா நீ," என்றார் வீட்டுக்காரர்.

ஜிங்க் இருந்தால் ஈரம் முதலில் அதைத்தான் தின்னும், இரும்பை விட்டுவிடும். தின்ற இடத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். இங்கேதான் அவன் ஜிங்க் அடிக்கவே இல்லையே. ஃபிட்டர் கட்டிலைப் பார்த்தான். அவள் முதுகுக்கடியில் விரிப்பு முழுக்க வெள்ளைப் பொடி.

"தம்பி, உடம்பெல்லாம் அரிக்குது. கட்டிலை அந்தப் பக்கமா இழுத்துப் போடேன்."

அவன் பலகையை மூடித் திருகாணிகளை இறுக்கினான். பிறகு கட்டிலை இன்னும் நெருக்கிச் சுவரோடு தள்ளினான்.

"இங்கேயே இருக்கட்டும்மா."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே வீட்டுக்காரரிடம் கேட்டான்: "வீட்ல இன்னும் யார் யார் இருக்கீங்க சார்?"