காணாமல் போன பேட்ச்

"இந்தப் பெட்டியைத் தொட்டியா?" என்று கேட்டாள் அக்கா.

"நான் எதுக்குக்கா தொடப்போறேன்? எனக்கு இன்னும் அந்த வயசு வரலை" என்றாள் தங்கை.

அலமாரியில் துண்டுகளுக்கு அடியில் வைத்திருந்த மருந்துப் பெட்டி. மாதவிலக்கு நிற்கிற காலத்துத் தொல்லைகளுக்காக டாக்டர் எழுதிக்கொடுத்த ஹார்மோன் பேட்ச். பிளாஸ்டர் மாதிரி இடுப்புக்குக் கீழே ஒட்டிக்கொள்ள வேண்டும். அக்கா இன்னும் ஒன்றைக்கூட ஒட்டவில்லை. பெட்டியோ பாதி காலி.

"வாங்கி இத்தனை நாளாச்சு. ஏன் ஒட்டிக்கலை?"

"அவர்தான், கொஞ்ச நாள் பொறு, நான் சொல்றப்போ ஒட்டிக்கோன்னார். நெட்டுல என்னத்தையோ படிச்சுட்டு கேன்சர், ரத்த உறைவுன்னு ஒரே புலம்பல். டாக்டர் எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பார்த்துட்டு உங்களுக்கு ஒத்துக்கும்னு சொல்லியாச்சு. இவருக்குத்தான் ஒத்துக்கலை."

"அப்போ சந்தேகமே இல்லை. அத்தான்தான் ஒவ்வொண்ணா எடுத்துக் குப்பையில போடுறார்."

அக்கா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். ராத்திரி முழுக்க உடம்பு கொதிக்கும், தலையணை நனையும், தூக்கம் இருக்காது. பகலில் மைக்கைப் பிடித்தால் வாய்க்கு வார்த்தை வராது. இன்று ஐந்தாம் மேடை வண்டியை ஒன்றாம் மேடை என்று சொல்லிவிட்டாள். மூட்டை முடிச்சோடு தப்பான பக்கம் ஓடிய கூட்டம் நேராக மேலாளர் அறைக்குப் போய்விட்டது.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா மைக்கை வேற ஆள்கிட்ட கொடுத்துடுவேன்மா" என்று சொல்லியிருந்தார் மேலாளர்.

இனி யாரையும் கேட்பதில்லை, இன்றைக்கே ஒட்டிக்கொள்வது என்று வந்துதான் பெட்டியைத் திறந்தாள்.

"ஆளே இப்போ ஒரு மாதிரிதான் இருக்கார்" என்றாள் மெதுவாக. "முன்னெல்லாம் வாசல்லயே சட்டையைக் கழட்டி எறிவார். இப்போ பனியனோட தூங்குறார். பாத்ரூம்லயே சட்டையை மாட்டிக்கிட்டுத்தான் வெளியே வர்றார்."

"அக்கா... வேற யாருக்காவது கொண்டுபோய்க் கொடுக்கிறாரா?"

"யாருக்கு?"

தங்கை கொஞ்சம் யோசித்தாள். "சேச்சே, இருக்காது. வேற ஒருத்தியைத் தேடுறவன் இந்தப் பேட்ச் தேவைப்படுறவளையா தேடுவான்?"

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"உனக்கு அவரைப் பத்தித் தெரியாது" என்றாள் தங்கை விடாமல். "நேத்து எங்க ஃப்ளாட்ல லிஃப்ட் ரிப்பேருக்கு அவர்தான் வந்தார். நான் ரெண்டு கையிலயும் காய்கறிப் பையோட நிக்கிறேன். சரியாயிடுச்சுன்னு ஏறப்போனா, மச்சினிச்சின்னுகூடப் பார்க்காம கையை நீட்டி மறிச்சுட்டு, கதவைச் சாத்திக்கிட்டுத் தனியா மாடிக்குப் போயிட்டார். போனவர் திரும்பி வர்ற வரைக்கும் நான் கீழயே நிக்கணும். அவ்வளவு சுயநலம்!"

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஸ்பேனர் பையைத் தோளில் மாட்டியபடி அவர் உள்ளே வந்தார். கட்டிலில் திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"மீதி எங்க?" என்றாள் அக்கா.

"எது?"

"நடிக்காதீங்க. குப்பையில போட்டீங்களா?"

"போடலை."

"அப்போ யாருக்குக் கொடுத்தீங்க?"

அவர் மச்சினியைப் பார்த்தார். அவள் எழுந்துபோகிற மாதிரி தெரியவில்லை.

"இன்னிக்கு என் வேலையே போகப் பார்த்துச்சு. ராத்திரியெல்லாம் நான் படுற பாட்டைப் பக்கத்துல படுத்துக்கிட்டுப் பார்க்கிறீங்க. பார்த்துக்கிட்டே மருந்தை ஒளிச்சு வெக்கிறீங்க. சொல்லுங்க, எங்க?"

அவர் பையை இறக்கி வைத்தார். சுவர்ப் பக்கம் திரும்பி, சட்டையைக் கொஞ்சம் தூக்கினார்.

இடுப்பில் ஓரமெல்லாம் அழுக்கேறி, ஒரு பேட்ச்.

"ஐயய்யோ அத்தான்!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள் தங்கை.

"ஒண்ணும் ஆகலை" என்றார் அவர் சுவரைப் பார்த்தபடியே. "நெஞ்சுதான் ரெண்டு பக்கமும் தொட்டா வலிக்குது. மத்தபடி நல்லாத்தான் இருக்கேன். இந்த வாரம் உன்கிட்ட ஒட்டிக்கச் சொல்லலாம்னு இருந்தேன்."

"லூசா நீங்க? அதான் டாக்டர் சொன்னாங்கல்ல?"

"லிஃப்ட் நல்லாத்தான் ஓடுதுன்னு எல்லா ஓனரும்தான் சொல்றான். நான் ஒரு தடவை மேல போய்ட்டு வராம யாரையும் உள்ள விட்டதில்லையே."

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்க உடம்பும் என் உடம்பும் ஒண்ணா? உங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னா எனக்கும் ஆகாதுன்னு அர்த்தமா?"

"இல்லைன்னு தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"வேற எப்படிப் பார்க்கிறதுன்னு எனக்குத் தெரியலை."

அக்கா அந்த முதுகைப் பார்த்தாள். அவள் தூங்காமல் கிடந்த ராத்திரிகளில் அந்த முதுகும் தூங்கியிருக்காது என்று இப்போதுதான் தோன்றியது. ஆனாலும் கோபம் முழுக்க இறங்கவில்லை. கிட்டே போய் அந்தப் பேட்ச்சை ஒரே இழுப்பில் பிய்த்தெடுத்தாள்.

"ஆ!"

"போதும், இறங்குங்க" என்று பெட்டியிலிருந்து புதிதாக ஒன்றைப் பிரித்தாள். "இனிமே நான் ஏறிக்கிறேன்."