ஏழாவது முளை

கலாராணி ஏழாவது முளையைச் சம்மட்டியால் மறுபடியும் அடித்தாள். அழுகிய நாற்றத்தோடு சேறு முகத்தில் தெறித்தது.

பசறைத் தோட்டத்துச் சரிவில் மண் நகர்வதை அளக்க வரிசையாக அடித்த பதின்மூன்று முளைகள். ஒவ்வொன்றின் அசைவையும் அதன் இரு பக்கத்து முளைகளை வைத்துக் கணக்கிட்டார்கள். வரிசையின் இரு கோடி முளைகளும் அசையாததால் நடுவிலும் அசைவில்லை என்றே விடை வந்தது. அடியிலிருந்து வரும் தள்ளலுக்காகக் கலாராணி அந்தக் கணக்கில் ஒரு சின்னத் திருத்தம் சேர்த்தாள். ஏழாவது முளை தினமும் ஓர் அங்குலம் மேலே எழும்பும் என்றது கணக்கு. அப்படியே எழும்பியது.

"அந்தத் திருத்தத்த விட்டுரும்மா. முளைய அடிச்சு எறக்கு, ரிப்போர்ட் சரியாயிரும்," என்றார் அதிகாரி விஜேந்திரன், கடையில் வாங்கிய ரோல்ஸ் பலகாரத்தை மென்றுகொண்டே.

"கீழ லயத்து வீடுகள்ல பன்னெண்டு குடும்பம் இருக்குங்க சார். அவங்கள வெளிய அனுப்பிருவோம்."

"மண்ணு கீழதான் போகும். மேல வருமா? அடி."

அடித்தாள். கையை எடுத்ததும் முளை மெல்ல எழும்பியது.

விஜேந்திரன் வாயில் இருந்ததைத் துப்பினார்.

"அவங்கள அனுப்பிரும்மா. பத்து வருஷத்துக்கு முந்தி மண்சரிவுல பொதஞ்ச லயம் இதுக்கு அடியிலதான் இருக்கு. பதினோரு பேரோட உடல நாங்க வெளிய எடுக்கவே இல்ல."