நீலம் பூசிய பக்கம்

"நீ அழுதா நான் பார்த்துக்கிட்டு சும்மா இருப்பேனாக்கா?" என்ற தம்பி, கைக்குட்டையை எடுத்துத் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பத்திர எழுத்தரே நெகிழ்ந்துபோய்ப் பேனாவைக் கீழே வைத்தார்.

அப்பா விட்டுப்போன நிலத்தில் ஆளுக்குப் பாதி. அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"உங்க மாமா முழுகின பக்கம் மட்டும் எனக்கு வேணாம்டா. அதைப் பார்த்துக்கிட்டு என்னால அங்க குடியிருக்க முடியாது."

அக்காவின் புருஷனான மாமா மண் லாரி ஓட்டியவர். லாரியோடு தண்ணீரில் போய்விட்டார். அப்போது வெளிநாட்டில் இருந்த தம்பி, எந்தத் தண்ணீர் என்றுகூடக் கேட்கவில்லை.

இப்போது கேட்க அவசியமும் இல்லை. அவனுக்கு வரைபட அலுவலகத்தில் வேலை. அடித்தட்டில் கிடந்த பழைய வரைபடத்தில் மேற்குப் பாதி முழுக்க நீலம், ஏரி. கிழக்கே பழுப்புக் கோடுகள் நெருக்கியடித்து நின்றன, நல்ல மேடு.

நேரில் பார்த்தால் இரண்டும் ஒரே முள்காடு. காரைவிட்டு இறங்காமலே திரும்பினான்.

"புருஷன் போன இடத்தையே அவங்க தலையில கட்டுறீங்களே, பாவமில்லையா?" என்றாள் மனைவி, அன்றிரவு கைக்குழந்தையைத் தொட்டிலில் போட்டபடி.

"பாவம் பார்த்தா நாமதான் நீச்சல் கத்துக்கணும்."

எழுத்தர் மறுபடி பேனாவை எடுத்துக்கொண்டு தொண்டையைக் கனைத்தார். தம்பி சொன்னான்: "கிழக்கு எனக்கு. மேற்கு அக்காவுக்கு."

அக்கா சட்டென்று நிமிர்ந்தாள். அவள் உதடு துடித்தது. குட்டு உடைந்துவிட்டதோ என்று தம்பி அவசரமாகப் பத்திரத்தை அவள் பக்கம் நகர்த்தினான்.

"நல்லா யோசிச்சியாடா?"

"யோசிச்சாச்சுக்கா. கையெழுத்தைப் போடு."

இருவரும் போட்டார்கள். பதிவாளரின் முத்திரையும் டொக்கென்று விழுந்தது. வெளியே வந்ததும் அக்கா அவன் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எனக்காக அதை நீ எடுத்துக்கிட்டியே! பச்சைப் பிள்ளையை வெச்சுக்கிட்டு அங்க எப்படிடா இருப்பே?"

"எனக்கென்னக்கா, அது மேடுதானே?"

"மேடா? அதை அடியோட வெட்டித்தானே ஏரியைத் தூர்த்தாங்க."

தம்பி கையை உருவிக்கொண்டான்.

"அந்தக் குழியிலதானேடா மாமா முழுகினாரு!"