விழுந்தா போதும்

"அண்ணே, நீங்க விழுந்தா போதும். எழுப்பறது என் பொறுப்பு."

காரின் பின்சீட்டில் குறுக்கே மடங்கிக் கிடந்த அடிசா, கூரையைப் பார்த்தபடி பதில் சொன்னான். "விழறதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்லைடா. போன வாரம் தும்மினதுக்கே விழுந்தேன்."

தம்பி லான்ரே சிரிக்கவில்லை. இன்று அவனுக்கு மொரெனிகேவைப் பெண் கேட்கப் போகிறார்கள். அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் பெண் வீட்டார் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டும். அப்பா இல்லாத குடும்பம். முதல் ஆளாக அண்ணன்தான் விழ வேண்டும்.

"முதுகு சரியில்லைன்னு உண்மையைச் சொல்லிட்டா என்ன?"

"சொன்னா அவ்வளவுதான். போன வருஷம் மொரெனிகேவைக் கேட்டு வந்தவனோட சித்தப்பாவுக்கு வலிப்புன்னு காதுல விழுந்ததும், கொண்டு போன கிழங்கு மூட்டையைக்கூட இறக்கவிடாம அனுப்பிட்டாங்க. நம்மளையும் வம்சத்துல நோய்னு சொல்லிடுவாங்க. அதுவும் அந்த லாகோஸ் பாபா இருக்காரே..."

"யாரு அது?"

"அவளோட பெரியப்பா, லாகோஸ்ல இருக்கார். அவர் தலையாட்டினாத்தான் அந்த வீட்ல உலையே கொதிக்கும்."

"பேரு?"

"பெரியவங்க பேரை யாருண்ணே சொல்றா? அவளே லாகோஸ் பாபான்னுதான் சொல்வா."

அடிசாவின் முதுகெலும்பில் ஒரு தட்டு இடம் விட்டு நகர்ந்திருந்தது. அதைவிட வேகமாக அவனுடைய ஆபரேஷன் தேதி நகர்ந்துகொண்டிருந்தது. முதலில் ஸ்ட்ரைக் என்றார்கள். பிறகு ஜெனரேட்டர் என்றார்கள். இப்போதெல்லாம் காரணமே சொல்வதில்லை. தினமும் மனைவி குனிந்து செருப்பு மாட்டிவிடுவதைப் பார்த்து, அவனுக்கு அரண்மனையில் ஏதோ பட்டம் கொடுத்துவிட்டார்கள் என்று தெருவில் பேச்சு. கையிலிருந்து எது கீழே விழுந்தாலும் அதைத் தானம் செய்ததாக நினைத்துக்கொண்டு நடந்துவிடுவான்.

"சின்ன டாக்டருங்க வந்து காலைத் தூக்கிப் பார்த்துட்டுப் போறாங்க. பெரிய டாக்டர் முகத்தையே காட்டறதில்லை" என்றான். "அவருக்கென்ன, முதுகு நேரா நடக்கற மனுஷன்."

"இதெல்லாம் அங்க வந்து பேசிடாதீங்கண்ணே."

பந்தலில் பெண் வீட்டார் மெத்தை சோபாக்களில் புதைந்திருந்தார்கள். நடுவில் ஒரே ஒரு மர நாற்காலி. அதில் லாகோஸ் பாபா, நட்டு வைத்த கம்பம் மாதிரி உட்கார்ந்திருந்தார். சாயவில்லை, சிரிக்கவில்லை. மொரெனிகேவின் அம்மா பக்கத்தில் மண்டியிட்டு ஏதோ சொன்னபோதும் அவள் பக்கம் திரும்பவில்லை.

"கர்வத்தைப் பாரு" என்று முணுமுணுத்தான் அடிசா. அவனும் அதே மாதிரிதான் நின்றுகொண்டிருந்தான்.

சடங்கை நடத்தும் அம்மாள் மைக்கைப் பிடித்தாள். "மாப்பிள்ளை வீட்டு ஆம்பளைங்களே, விழுங்க. இஸ்திரி கசங்கிடுமேன்னு யோசிக்கறவங்க அப்படியே திரும்பி நடக்கலாம்."

அடிசா விழுந்தான். வாழ்நாளில் அவ்வளவு அழகாக அவன் எதையும் செய்ததில்லை. இடுப்பிலிருந்து பாதம் வரை கரண்ட் பாய்ந்தது.

"நல்லா விழுந்தீங்க. எழுந்திருங்க."

எல்லோரும் எழுந்தார்கள். அடிசா எழவில்லை. லான்ரே குனிந்து தோளைப் பிடித்தான்.

"தொட்டே, செத்துடுவேன்" என்று பாயைப் பார்த்துச் சொன்னான் அடிசா.

"அண்ணனுக்கு என்ன, தூக்கமா?" என்றாள் அம்மாள். "இன்னும் சாப்பாடே போடலையே."

சிரிப்பு அடங்கியதும் சோபாக்களில் கிசுகிசு கிளம்பியது. "உடம்புக்கு ஏதாவதா?" என்றது ஒரு குரல்.

அடிசா வந்தது வரட்டும் என்று குரலை உயர்த்தினான். "உடம்புக்கு ஒண்ணும் இல்லை. லாகோஸ் பாபா வாயால சம்மதம்னு கேக்காம, இந்தப் பாயை விட்டு நான் எழுந்திருக்கறதா இல்லை."

பந்தலே அதிர்ந்தது. பெண்கள் பாட ஆரம்பித்தார்கள், மேளக்காரன் அடித்து நொறுக்கினான்.

"பாபா, இப்படி ஒரு சம்பந்தி விலைக்குக் கிடைக்காது. எழுந்து வாங்க" என்றாள் அம்மாள்.

லாகோஸ் பாபா கைத்தடியை ஊன்றி, அவசரமே இல்லாமல் எழுந்து வந்தார். அடிசாவுக்கு அவருடைய பளபளக்கும் ஷூ மட்டும்தான் தெரிந்தது. கைத்தடியின் நுனி அவன் இடுப்பை மெல்லத் தொட்டது.

"எந்தக் கால்ல இறங்குது?" மேளச் சத்தத்துக்கு அடியில் கேட்டது குரல்.

"இடது கால், பாபா. கட்டைவிரல் வரைக்கும்." சின்ன டாக்டர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு. சொன்ன பிறகுதான் உறைத்தது. போச்சு.

"எங்க காட்டறே?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "உங்க ஊர்லதான், பெரிய ஆஸ்பத்திரியில. முதுகு வார்டு. தேதி கொடுத்துக் கொடுத்துத் தள்ளிப் போடறாங்க. இது என்னோட போகட்டும் பாபா. தம்பி ரத்தத்துல இது இல்லை. அவனைத் திருப்பி அனுப்பிடாதீங்க."

கைத்தடி இடுப்பை விட்டு விலகியது. பிறகு லாகோஸ் பாபா பந்தல் முழுக்கக் கேட்கும்படி பேசினார்.

"இவ்வளவு நேரம் விழுந்து கிடந்து பொண்ணு கேட்ட குடும்பத்தை நான் பார்த்ததில்லை. மொரெனிகே உங்க வீட்டுப் பொண்ணு."

மறுபடி மேளம், பாட்டு, கைதட்டல். லான்ரே தரையில் உட்கார்ந்து அழுதான்.

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும் பாபா" என்றான் அடிசா. "அப்படியே கொஞ்சம் குனிஞ்சு ஒரு கை கொடுத்தீங்கன்னா..."

பெரியவர் குனியவில்லை. உதடு அசையாமல் சொன்னார்.

"அங்கிக்குள்ள நானும் இடுப்புக்கு பெல்ட் கட்டியிருக்கேன், தம்பி. எனக்குக் குனிய முடிஞ்சிருந்தா, உன் ஆபரேஷனை நான் எப்பவோ முடிச்சிருப்பேனே."