பந்து வராத பிள்ளை

யூட்சனிடம் பந்து வராது. அதுதான் திட்டம்.

பந்தைக் கையால் எறிந்து, ஆளை ஆள் இடித்து விழுத்துகிற இந்த ஃபுட்போலில் அவன் ஓட வேண்டும், அவ்வளவுதான். மைதானத்தின் கடைசிவரை, ஆரோ துரத்துகிற மாதிரி நேரே ஓட வேண்டும். எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் பயந்து அவனுக்குப் பின்னால் ஓடுவார்கள். அவர்கள் விட்டுப்போன வெற்றிடத்துக்குள் பக்கத்தில் நின்ற நெட்டைப் பொடியன் மெல்ல நுழைவான். பந்து அவனுக்குத்தான்.

றஜிதாவுக்கு இது விளங்கியது, போன கிழமை புருசன் அன்புராசா சாப்பாட்டு மேசையில் சாமான்களை நகர்த்திக் காட்டியபோது. ஊறுகாய்ப் போத்தல்தான் மகன் யூட்சன். உப்புப் போத்தல் நெட்டையன்.

"போன வருசம் இவன் ஆடின ஆட்டத்தில எல்லாருக்கும் இவனிலதான் கண். இவன் சும்மா ஓடினாலே காணும், அவங்கள் இழுபட்டு வருவாங்கள்."

போன வருசம். கையில் பந்தோடு ஓடியவனை இரண்டு பேர் சேர்ந்து விழுத்தினார்கள். தலை நிலத்தில் அடிபட்டது. கிழமைக்கணக்காகத் திரைச்சீலை மூடிய அறையில் கிடந்தான் பிள்ளை. ஒருநாள் வெறுங்கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா, நான் சாப்பிட்டனானோ?" என்று கேட்டான்.

இந்தக் கோடையில் டொக்டர் விளையாடலாம் என்றார். இரண்டாவது அடி விழுந்தால் அது முதலாவது மாதிரி லேசாய் இராது என்றும் சொன்னார். தகப்பன் முதல் வசனத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார். தாய் இரண்டாவதை.

இன்றைக்கு ஸ்காபரோவில் நல்ல குளிர்காற்று. உட்கார்ந்திருந்த அலுமினிய வாங்கு, போட்டிருந்த குளிர்க்கோட்டைத் தாண்டியும் சில்லிட்டது. மைதானத்துக்கு அந்தப் பக்கம் மற்றப் பள்ளிக்கூடத்துச் சனம். அவர்களுக்குள் ஜோசப்பின் அக்கா இருந்தார். றஜிதா போகிற அதே தேவாலயம்தான் அவருக்கும். எதிர்ப்பக்கத்தில் நின்று யூட்சனைக் காவல் காக்க வேண்டியவன் அவருடைய மகன் டெனிஸ்டன். இரண்டு பிள்ளைகளும் சின்ன வயதில் நற்கருணை வாங்கி முதல் நன்மை எடுத்தது ஒரே நாளில்.

றஜிதா கையை அசைத்தாள். அக்கா தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கிக் காட்டினார்.

விசில் கேட்டது.

யூட்சன் ஓடத் தொடங்கினான்.

றஜிதா கோட்டுப் பைக்குள் செபமாலையை இறுக்கிப் பிடித்தாள். மகனை அல்ல, டெனிஸ்டனைத்தான் பார்த்தாள்.

டெனிஸ்டன் கொஞ்சத் தூரம் பின்னால் ஓடினான். பிறகு நின்றான். பக்கத்தில் ஓடிய மற்றவனுக்கும் கையைக் காட்டினான். இரண்டு பேரும் திரும்பி நடுவுக்கு ஓடி நெட்டையனை மறித்துக்கொண்டார்கள்.

யூட்சனை ஒருவரும் தொடவில்லை.

றஜிதா செபமாலையை விட்டுக் கையை வெளியே எடுத்தாள்.

அன்புராசா வாங்கில் ஏறி நின்றார். "அடேய், அங்க பாரடா! அவனுக்குப் பக்கத்தில ஒரு குருவி கூட இல்லை! எறியடா!"

பந்தை வைத்திருந்த பொடியனும் அதைக் கண்டுவிட்டான். நெட்டையனுக்கு எறிய வழியில்லை. தூரத்தில் பச்சைப் புல்லுக்கு நடுவே ஒரு பிள்ளை தன்னந்தனியாக ஓடிக்கொண்டிருந்தான்.

பந்து மேலே எழும்பியது. மைதானம் முழுக்க அண்ணாந்து பார்த்தது. றஜிதா மட்டும் பார்க்கவில்லை. மகனுடைய ஹெல்மெற்றில் இருந்து அவள் கண்ணை எடுக்கவே இல்லை.

பிடித்துவிட்டான். விழவில்லை. கடைசிக் கோட்டையும் தாண்டி ஓடினான்.

கூட்டாளிகள் ஓடிவந்து அவனை மொய்த்தார்கள். சந்தோசத்தில் ஆளுக்கு ஆள் அவன் தலையில் தட்டினார்கள். ஒவ்வொரு தட்டும் இவள் நெஞ்சில் விழுந்தது.

"தலையில தட்டாதேங்கோடா" என்றாள். அந்தச் சத்தத்தில் ஆருக்குக் கேட்கும்?

அன்புராசா கை தட்டி ஓய்ந்து வாங்கில் இருந்தார். "டெனிஸ்டன் உப்பிடி விடுற ஆளில்லையே. என்னெண்டு விட்டவன்?"

றஜிதா எதிர்ப்பக்கத்தைப் பார்த்தாள்.

அந்தப் பக்கத்தில் டெனிஸ்டனுடைய கோச் எல்லோருக்கும் முன்னால் அவனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். அவன் தலை குனிந்து நின்றான். பிறகு நிமிர்ந்து, சனத்துக்குள் தன் தாயைத் தேடிப் பார்த்தான்.

ஜோசப்பின் அக்கா றஜிதாவைப் பார்த்தார். இந்த முறை கோப்பையைத் தூக்கவில்லை.

போன ஞாயிறு பூசை முடிந்து, கார் நிறுத்துகிற இடத்தில் வைத்து அந்தக் கையைத்தான் றஜிதா பிடித்துக் கெஞ்சியிருந்தாள். "அக்கா, டெனிஸ்டன் தம்பியிட்டச் சொல்லிவிடுங்கோ. யூட்சனுக்குப் பந்து வராது. அவன் சும்மா ஓடுறவன். அவனைப் போட்டு இடிக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

"நான் சொல்லுறன். நீர் யோசியாதையும்" என்றார் அக்கா. சொல்லியும் இருக்கிறார்.

ஆட்டத்தில் பாதி இன்னும் மிச்சம் இருந்தது.

மறுபடி பந்து இவர்கள் கைக்கு வந்தது. இவர்களுடைய கோச் யூட்சனின் தோளில் கை போட்டு என்னவோ சொல்லி அனுப்பினார்.

"இனிப் பந்து முழுக்க எங்கட ஆளுக்குத்தான்" என்றார் அன்புராசா, முகமெல்லாம் சிரிப்பாக.

டெனிஸ்டன் வந்து யூட்சனுக்கு நேரே நின்றான். முதல் நின்றதைவிடக் கிட்ட. பந்து எங்கே இருக்கிறது என்று அவன் பார்க்கவே இல்லை.

யூட்சன் அவனைப் பார்த்துக் கையைத் தூக்கினான். சின்ன வயதுக் கூட்டாளி அல்லவா.

அம்மா கெஞ்சியது ஒன்றும் யூட்சனுக்குத் தெரியாது.